சாலையோரத் தடுப்பு யாரைக் காக்கிறது?



இலக்கணமும் கட்டுரையும் கற்பிக்கும் ஒரு தொடக்கப்பள்ளித் தமிழாசிரியருக்குச் சாலையோர இரும்புத் தடுப்பைப் பற்றி எழுத என்ன தகுதி இருக்கிறது என்று உங்களுள் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாதான். நான் பொறியாளர் அல்லன். ஆயினும் நான் வாழ்வதும் கற்பிப்பதும் உட்லண்ட்சில். 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தின் வழியாக, பொழுது புலர்வதற்கு முன்பே ஜொகூரிலிருந்து நாள்தோறும் பல்லாயிரக்கணக்கான மோட்டார்சைக்கிள்கள் எங்கள் வட்டாரத்திற்குள் நுழைகின்றன. அவற்றை ஓட்டி வருவோருள் தமிழர்கள் கணிசமானோர். அவர்கள் நம் மாணவர்களின் தந்தையர், மாமன்மார், அண்ணன்மார். சோதனைச்சாவடியைக் கடந்ததும் அவர்களுள் பெரும்பாலோர் புக்கிட் தீமா விரைவுச்சாலையில் ஏறுகிறார்கள். அச்சாலையின் இருமருங்கும் நீண்டு கிடக்கும் தடுப்பு அவர்களைக் காக்கிறதா, காயப்படுத்துகிறதா என்னும் வினா எனக்குத் தொலைவில் உள்ள ஒன்றன்று.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். உலகெங்கும் சாலையோரத் தடுப்புகள் பெரும்பாலும் காரில் செல்பவரை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டுள்ளன. காருக்கு வெளியே இருப்பவரையும் கணக்கில் கொள்ளும் தடுப்புகள் நமக்கு வேண்டும். அதைக் கேட்கும் கடமை பொறியாளர்களுக்கு மட்டுமன்று, ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் உண்டு.

நிறுத்துவதன்று, திருப்புவதே வேலை

தடுப்பின் வேலை வண்டியை நிறுத்துவது என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் வழிதவறிய வண்டியை மெல்லத் திருப்பி, மீண்டும் சாலையின் போக்கிலேயே செலுத்துவதுதான் அதன் முதற்பணி.

இதை மாணவர்களுக்கு எளிய கணக்கால் விளக்கலாம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி அசையாத சுவரில் நேருக்கு நேர் மோதுவதும், ஏறத்தாழ 32 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதும் ஒன்றே. நம் வீவக புளோக்கில் பதினொரு மாடி உயரம் என்று சொன்னால் பிள்ளைகள் உடனே புரிந்துகொள்வார்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் சுமார் 10 மீட்டர், அதாவது மூன்றரை மாடி. வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பதை இவ்வாறு காட்டும்போது, 'மெதுவாகப் போங்கள்' என்று நூறு முறை சொல்வதைவிட அது ஆழமாகப் பதிகிறது.

ஆனால் வழிதவறும் வண்டி பெரும்பாலும் சாய்கோணத்தில்தான் தடுப்பை அடைகிறது. அமெரிக்கத் தரச் சோதனைகளில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 25 பாகைக் கோணத்தில் வண்டியை மோதச் செய்து பார்க்கிறார்கள். அக்கோணத்தில் தடுப்பை நோக்கிய வேகம் சுமார் 42 கிலோமீட்டர் மட்டுமே. அந்த 42ஐ மட்டும் தடுப்பு வாங்கிக்கொண்டு, எஞ்சிய வேகத்தைச் சாலையின் திசையிலேயே விட்டுவிட்டால் உள்ளே இருப்பவர் பிழைத்துக்கொள்வார். நல்ல தடுப்பின் இரகசியம் இவ்வளவுதான்.

மூன்று வகைகள்

முதலாவது, காங்கிரீட் தடுப்பு. 1950களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உருப்பெற்றது. அதன் அடிப்பகுதி சரிவாக இருப்பது அழகுக்காகவன்று. இலேசாக உரசும் வண்டியின் சக்கரம் அச்சரிவில் ஏறி, வண்டி தானாகவே திரும்பிவிடும். இது சிறிதும் வளையாது. எதிரெதிர்த் திசைகளில் வண்டிகள் நெருங்கிச் செல்லும் இடத்திற்கு ஏற்றது. ஆனால் மோதலின் ஆற்றல் முழுவதையும் வண்டியும் மனித உடலுமே தாங்கியாக வேண்டும்.

இரண்டாவது, நெளிவுடைய எஃகுத் தகட்டைத் தூண்களில் பொருத்திய தடுப்பு. நம் விரைவுச்சாலைகளில் மரங்களுக்கும் விளக்குக் கம்பங்களுக்கும் முன்னால் நாம் அடிக்கடி காண்பது இதுவே. மோதும்போது தகடு நீண்டு வளைகிறது, தூண்கள் சாய்கின்றன, ஆற்றல் அங்கே செலவழிகிறது. ஆகவே தடுப்பின் பின்னால் அது வளைவதற்கு இடம் வேண்டும். தடுப்பை ஒட்டியே மரம் இருந்தால், வளைந்த தகட்டோடு சேர்ந்து வண்டி மரத்தில் மோதும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடத்தில் விளிம்பு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. வண்டி வரும் திசையை நோக்கி விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தால் அது கத்தியாகிவிடும்.

மூன்றாவது, எஃகு வடங்களை இழுத்துக் கட்டிய தடுப்பு. மூன்றனுள் மிகவும் வளைந்து கொடுப்பது இது. ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997ஆம் ஆண்டு, சாலையில் எவரும் சாகவோ கடுங்காயமுறவோ கூடாது என்னும் கொள்கையை ஏற்றது. மறு ஆண்டு முதல் அந்நாட்டுச் சாலைகள் பலவற்றின் நடுவே வடத் தடுப்புகள் நிறுவப்பட்டன. அத்தகைய சாலைகளில் உயிரிழப்பு ஏறத்தாழ முக்கால் பங்கு வரை குறைந்ததாக அந்நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. ஓட்டுநர்கள் திடீரென்று நல்லவர்களாக மாறியதால் வந்த மாற்றமன்று இது. அவர்கள் முன்போலவே கண்ணயர்ந்தார்கள், முன்போலவே தவறினார்கள். தவறியபோது எதிர்வரிசை லாரிக்குப் பதிலாக வடத்தில் மோதினார்கள்.

முனையில் இருக்கும் ஆபத்து

தடுப்பு எங்கேயாவது தொடங்கியாக வேண்டும். அந்தத் தொடக்க முனைதான் பொறியாளர்களை நெடுங்காலம் அலைக்கழித்தது. முனையை அப்படியே விட்டால் எஃகுத் தகடு ஈட்டிபோல் காருக்குள் பாயும். முனையை மண்ணுக்குள் சரித்துப் புதைத்தார்கள்; அது சாய்தளமாகி வண்டியை வானில் தூக்கி எறிந்தது. பின்னர்தான் மோதும்போது நொறுங்கியும் மடிந்தும் ஆற்றலை வாங்கிக்கொள்ளும் முனைகள் வந்தன.

1955ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் கார்ப் பந்தயத்தில் ஒரு கார் பார்வையாளர்களிடையே பாய்ந்து 80க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தக் காரின் இணை ஓட்டுநராக இருந்தவர் ஜான் ஃபிட்ச். அக்கோரம் அவரைச் சாலைப் பாதுகாப்பின் பக்கம் திருப்பியது. மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பீப்பாய்களை வரிசையாக அடுக்கி, கிளைச்சாலை பிரியும் இடங்களிலும் பாலத்தூண்களுக்கு முன்னும் வைக்கும் முறையை அவர் உருவாக்கினார். பீப்பாய்கள் ஒவ்வொன்றாக உடைய, வண்டி படிப்படியாக வேகம் இழக்கிறது. விலையுயர்ந்த கருவி எதுவும் அதில் இல்லை. மணலும் பீப்பாயும் தவறிய மனிதன் மீது கொண்ட அக்கறையும்தான்.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி சென்ற கார், மகாராஷ்டிர மாநிலம் பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றுப் பாலத்தின் காங்கிரீட் சுவரில் மோதியது. சாலை குறுகும் இடத்தில், வண்டிகளை எதிர்கொண்டு நின்றிருந்த சுவர் அது. பின்னிருக்கையில் இருக்கைவார் அணியாதிருந்த இருவரும் உயிரிழந்தனர். முன்னிருக்கையில் இருந்த இருவர் பிழைத்தனர். அதன்பின் அவ்விடத்தில் மோதல் தாங்கி பொருத்தப்பட்டது. புகழ்பெற்ற ஒருவர் இறந்த பிறகுதான் ஒரு சுவரின் முனை திருத்தப்பட வேண்டுமா? அதற்கு முன்னர் அதே நெடுஞ்சாலையில் சென்ற பெயர் தெரியாதவர்களின் உயிர் உயிரில்லையா?

மோட்டார்சைக்கிளோட்டிக்கு யார் பொறுப்பு?

இப்போது எங்கள் உட்லண்ட்சுக்கு வருகிறேன்.

சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் 142 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார்சைக்கிளோட்டிகளும் பின்னமர்ந்து சென்றவர்களும் ஆவர். நாட்டிலுள்ள வாகனங்களில் மோட்டார்சைக்கிள்களின் பங்கோ மிகவும் சிறியது.

இவர்கள் அனைவரும் தடுப்பில் மோதி இறந்தவர்கள் என்று நான் கூறவில்லை. பெரும்பாலான விபத்துகள் வேறு வண்டியோடு மோதுவதால் நேர்பவை. ஆனால் வண்டியிலிருந்து விழுந்து சறுக்கிச் செல்லும் ஒருவர் சாலையோரத்தை அடையும்போது அங்கே எதைச் சந்திக்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள். எஃகுத் தகடு தரையிலிருந்து சுமார் முக்கால் மீட்டர் உயரம் வரை இருக்கிறது. அதன் கீழே வெற்றிடம். காரைத் திருப்பிவிடும் தகட்டுக்கு அடியில் மனித உடல் நுழைந்துவிடுகிறது. அங்கே வரிசையாக நிற்பவை கூர்விளிம்புடைய தூண்கள். நிமிர்ந்த நிலையில் மோதினாலோ, தகட்டின் மேல்விளிம்பைத் தாண்டித் தூக்கி எறியப்படுகிறார். காருக்கு மெத்தையாக இருக்கும் அதே தடுப்பு, இவருக்கு அரிவாளாகிறது.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. தகட்டின் கீழே தரையை ஒட்டி இன்னொரு தகட்டைப் பொருத்தினால் சறுக்கி வருபவர் தூணை அடையமாட்டார். தகட்டின் மீது வழுக்கிச் செல்வார். தூண்களுக்கு ஆற்றலை உறிஞ்சும் உறைகளையும் அணிவிக்கலாம். மோட்டார்சைக்கிளோட்டிகளுக்கான தடுப்புச் சோதனைக்கென்று ஸ்பெயின் 2005ஆம் ஆண்டிலேயே தனித் தரம் வகுத்தது. சிங்கப்பூரிலும் நிலப் போக்குவரத்து ஆணையம் மோட்டார்சைக்கிளோட்டிகளுக்கு உகந்த தடுப்புகளைச் சோதித்துப் பார்க்க முன்வந்தது. பாராட்டத்தக்க முயற்சி. அது வளைவுகள் சிலவற்றோடு நின்றுவிடக்கூடாது என்பதே என் வேண்டுகோள். கடற்பாலத்திலிருந்து வருவோர் ஏறும் வளைவுகள், விரைவுச்சாலையிலிருந்து பிரியும் கிளைச்சாலைகள் ஆகியவை முதலிடம் பெற வேண்டும். இரவுப் பணி முடித்து, உறக்கம் கண்களைச் செருக, மழையில் நனைந்தபடி வீடு திரும்பும் மனிதர்கள் கடக்கும் இடங்கள் அவை.

வடத் தடுப்பு மோட்டார்சைக்கிளோட்டியை வெட்டிவிடும் என்னும் அச்சம் பல நாடுகளில் உண்டு. அதன் காரணமாகவே நார்வே 2006இல் புதிய வடத் தடுப்புகளுக்குத் தடை விதித்தது. ஆனால் வடத்தைவிடத் தூண்களே பெரிய ஆபத்து என்று ஆய்வாளர்கள் பலர் சுட்டிக்காட்டியுள்ளனர். அச்சத்தின் அடிப்படையில் ஒன்றை ஒதுக்கிவிட்டு, அதே தூண்களுடைய வேறொன்றை நிறுவினால் பயன் என்ன? எது காயப்படுத்துகிறது என்பதைச் சரியாக அறிந்து அதைத் திருத்துவதே அறிவுடைமை.

லாரியின் பின்தட்டில் அமர்ந்திருப்பவர்

காருக்கு வெளியே இருப்பவர் என்னும்போது நம் நாட்டில் இன்னொருவரையும் மறக்கவியலாது. லாரியின் பின்தட்டில் இருக்கைவார் இன்றி அமர்ந்து வேலையிடத்திற்குச் செல்லும் வெளிநாட்டு ஊழியர் அவர். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் அவர்களுள் பலர். 2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தீவு விரைவுச்சாலையில், ஊழியர்களை ஏற்றிச் சென்ற லாரி, நின்றிருந்த டிப்பர் லாரியில் மோதியதில் இருவர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர்.

எவ்வளவு சிறந்த தடுப்பாயினும், அது வண்டியைத்தான் திருப்பும். வண்டியோடு கட்டப்படாத உடல் முன்பிருந்த வேகத்திலேயே பறந்துகொண்டிருக்கும். இருக்கையும் வாரும் உடைய பேருந்தில் அவர்களை அழைத்துச் செல்வதுதான் அவர்களுக்கான தடுப்பு. செலவு கூடும் என்பார்கள். கூடத்தான் செய்யும். அச்செலவை இப்போது அவர்கள் தம் உடலால் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்பதே என் பதில்.

பள்ளி வாயிலில் உள்ள கம்பி

பெற்றோர் கவனத்திற்கு ஒன்று. பள்ளி வாயிலிலும் சாலைச் சந்திப்பிலும் நடைபாதை ஓரமாக இருக்கும் மெல்லிய குழாய்க் கம்பி வேலி, வண்டியைத் தடுப்பதற்காக அமைக்கப்பட்டதன்று. பிள்ளைகள் சாலைக்குள் ஓடிவிடாமல், உரிய இடத்தில் மட்டும் கடக்கச் செய்வதற்காக அமைக்கப்பட்டது. பாய்ந்து வரும் கார் அதை எளிதில் சாய்த்துவிடும். பேருந்து நிறுத்தங்களின் முன்னால் ஆழமாக ஊன்றப்பட்ட குட்டைத் தூண்களே வண்டியைத் தாங்குவதற்கானவை.

ஆகவே பிள்ளைகளை அக்கம்பியில் சாய்ந்தோ, ஏறி அமர்ந்தோ காத்திருக்க விடாதீர்கள். சந்திப்புகளில் சாலை விளிம்பிலிருந்து சில அடிகள் பின்னால், முடிந்தால் உறுதியான தூணின் பின்னே நிற்கப் பழக்குங்கள். அவசரத்தில் பள்ளி வாயிலின் எதிர்ப்பக்கம் காரை நிறுத்தி, கம்பியின் இடைவெளி வழியே பிள்ளையைக் கடக்கச் சொல்லும் வழக்கத்தையும் அருள்கூர்ந்து விட்டுவிடுங்கள். நாமே வேலியில் ஓட்டை போடுகிறோம்.

'கவனமாக ஓட்டினால் போதாதா?'

இக்கருத்தை நான் சக ஆசிரியர்களிடம் கூறும்போதெல்லாம் எழும் மறுப்பு இதுதான். தடுப்பு வைக்க வைக்க ஓட்டுநர்களுக்குத் துணிச்சல் கூடும். ஒழுங்காக ஓட்டக் கற்பிப்பதே வழி என்கிறார்கள். வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும், குடித்துவிட்டு ஓட்டுபவரைத் தண்டிக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆயினும் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நாம் கற்ற முதற்பாடம் என்ன? பிள்ளைகள் பிழை செய்வார்கள். அப்பிழையைத் தாங்கும் வகையில் வகுப்பறையை அமைக்க வேண்டும் என்பதுதானே! தொடக்கநிலை ஒன்றின் பிள்ளைகளுக்கு முனை மழுங்கிய கத்தரிக்கோலைத்தான் கொடுக்கிறோம். அதனால் அவர்கள் கவனமின்றி வெட்டக் கற்றுக்கொள்கிறார்கள் என்று நாம் எவரும் குறைகூறுவதில்லை.

தவறு செய்தவர் சட்டத்திற்குப் பதில் சொல்லட்டும். ஆனால் கண் இமைக்கும் நேரத் தவறுக்கு மரண தண்டனை விதிக்கும் அதிகாரத்தை ஓர் இரும்புத் தூணுக்கு யார் கொடுத்தது? மேலும் சாலையோரத்தில் விழுந்து கிடப்பவர் எப்போதும் தவறு செய்தவராகவும் இருப்பதில்லை. வேறொருவர் தடம் மாறியதால் விழுந்தவராகவும் இருக்கலாம்.

தடுப்பும் ஓர் இடையூறே என்பதையும் மறக்கலாகாது. அதன் பின்னால் இருக்கும் பள்ளத்தில் விழுவதையோ மரத்தில் மோதுவதையோவிட, தடுப்பில் மோதுவது குறைந்த தீங்கு என்னும் இடத்தில் மட்டுமே அதை வைக்க வேண்டும். பரந்த நாடுகளில் சாலையோரத்தை வெற்றிடமாக விட்டுவிடலாம். நம் தீவிலோ சாலையை ஒட்டியே நிழல்மரங்கள் நிற்கின்றன. அம்மரங்களை வெட்டச் சொல்ல எனக்கு மனமில்லை. மரமும் வேண்டும், மனிதனும் வேண்டும் என்றால் இடையில் நிற்கும் தடுப்பு நல்லதாக இருந்தே ஆக வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

1. 'நான் கண்ட விபத்து' என்னும் கட்டுரையை நாம் ஆண்டுதோறும் எழுத வைக்கிறோம். எல்லாக் கட்டுரைகளும் ஓட்டுநரின் கவனக்குறைவில் தொடங்கி, 'நாம் கவனமாக இருக்க வேண்டும்' என்று முடிகின்றன. அதோடு இன்னொரு வினாவையும் சேர்ப்போம்: அந்த இடம் வேறு விதமாக அமைந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

2. சரிவான பலகை, பொம்மைக் கார், பயணியாக ஒரு முட்டை. எதிரே ஒருமுறை செங்கல், ஒருமுறை மடித்த அட்டை, ஒருமுறை வைக்கோல். முட்டை எப்போது உடைகிறது என்று பிள்ளைகள் கண்டு தமிழில் விளக்கட்டும். வேகம், விசை, விளிம்பு, கோணம் ஆகிய சொற்கள் அகராதியிலிருந்து இறங்கி அவர்கள் நாவில் அமரும். வாய்மொழிப் பயிற்சியாகவும் அமையும்.

3. பெற்றோர்களே, உங்கள் வட்டாரத்தில் வளைந்த, துருப்பிடித்த, முனை உடைந்த தடுப்பைக் கண்டால் நிலப் போக்குவரத்து ஆணையத்திற்குத் தெரிவியுங்கள். ஒருமுறை மோதப்பட்ட தடுப்பு தன் வேலையை முடித்துவிட்டது. மாற்றப்படும் வரை அது வெறும் இரும்பு.

4. மோட்டார்சைக்கிளில் வரும் தந்தையர்க்கு: நல்ல தலைக்கவசமும் கையுறையும் தடித்த மேற்சட்டையும் அணியுங்கள். தடுப்புகள் திருந்தும் வரை உங்களுக்கு அவையே தடுப்பு.

சாலைகளை அமைப்போரிடம் நான் கேட்பது ஒன்றே. அடுத்த முறை ஒரு தடுப்பின் வரைபடத்தில் கையொப்பமிடும்போது காரில் வருபவரை மட்டும் எண்ணாதீர்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கடற்பாலத்தைத் தாண்டி, பிள்ளையின் புத்தகப்பைக்குப் பணம் சேர்க்க வரும் அந்த மனிதரையும் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அவர் விழுந்தாலும் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும்.

அன்புடன்,
உட்லண்ட்சிலிருந்து ஒரு தமிழாசிரியர்